வெளிப்படையா, புதுக்கருத்தா? பேடண்ட் அப்பீல்களில் கோர்ட்டுகளின் அளவுகோல்

சட்டப் புத்தகங்களில் சில சொற்கள் பார்வைக்கு மிகவும் சாதுவாகத் தோன்றும். ஆயினும் அவற்றின் பொருளை நிர்ணயிப்பதில் லட்சக்கணக்கான ஜனங்களின் நன்மையும் தீமையும் அடங்கியிருக்கும். பேடண்ட் சட்டத்தில் வரும் ‘வெளிப்படையானது’ என்னும் சொல் அத்தகையது. ஒருவன் தான் கண்டுபிடித்ததாகச் சொல்லி உரிமை கோரும் பொருள், அத்தொழிலில் தேர்ச்சி பெற்ற மற்றொருவனுக்கு எளிதில் தோன்றக்கூடியதா, அல்லவா? தோன்றக்கூடியதாயின் அதற்குப் பேடண்ட் இல்லை. தோன்றாததாயின், சட்டம் வேண்டும் மற்ற நிபந்தனைகளும் நிறைவேறியிருக்கும் பட்சத்தில், மனுச் செய்த நாள் தொட்டு 20 வருஷகாலம் அவன் அனுமதியின்றி வேறெவரும் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது. ஒரு சொல்லின் இப்புறமும் அப்புறமுமாக இவ்வளவு பெரிய வித்தியாசம் நிற்கிறது.

இச்சொல்லினால் என்ன ஆகிவிடும் என்று எண்ணுவோர், சென்னையிலேயே நடந்த ஒரு விவகாரத்தை நினைவுகூர்தல் நலம். ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுக்கப்படும் இமாடினிப் மெஸிலேட் என்னும் மருந்தின் ஒரு ஸ்படிக வடிவத்திற்குப் பேடண்ட் வேண்டி, ஸ்விட்ஜர்லாந்து தேசத்து நோவார்டிஸ் கம்பெனி 1998-ல் சென்னைப் பேடண்ட் ஆபீஸில் மனுச் செய்தது. 2006 ஜனவரியில் அவ்வாபீஸின் உதவிக் கண்ட்ரோலர், அவ்வடிவம் முன்னரே வெளியானது என்றும், தொழிலில் தேர்ந்தவனுக்கு வெளிப்படையானது என்றும், இன்னும் சில காரணங்களும் கூறி மனுவைத் தள்ளினார். கம்பெனி அப்பீல் செய்தது. அதே சென்னை நகரில் அமைந்திருந்த அறிவுச்சொத்து அப்பீல் போர்டு, 2009-ல், அவ்வடிவம் புதியதே, வெளிப்படையானதும் அன்று என்று கூறி, அவ்விரு விஷயங்களிலும் கண்ட்ரோலரின் முடிவை மாற்றியது. அறிந்த ஒரு பொருளின் புதிய வடிவம் பலனில் மேம்பட்டாலன்றி அதற்குப் பேடண்ட் இல்லை என்று விதிக்கும் 3-வது பிரிவின் (டி) உட்பிரிவு சட்டத்தில் இருந்தபடியால், முக்கியமாக அதை ஆதாரமாகக் கொண்டே போர்டு மனுவை நிராகரித்தது. 2013 ஏப்ரல் 1-ம் தேதி சுப்ரீம் கோர்ட்டும் பேடண்டை மறுத்து விவகாரத்தை முடித்தது.

அம்மருந்துக்கு அக்கம்பெனி வைத்த விலை மாதமொன்றுக்குச் சுமார் 1,20,000 ரூபாய். அதே மருந்தை இந்தியக் கம்பெனிகள் சுமார் 10,000 ரூபாய்க்குள் விற்றன. (டி) உட்பிரிவு என்னும் வேலி மட்டும் இல்லாதிருந்தால், ‘இது வெளிப்படையா?’ என்ற ஒரே கேள்விக்குக் கண்ட்ரோலர் அளித்த விடைக்கும் போர்டு அளித்த விடைக்கும் நடுவே எத்தனையோ குடும்பங்களின் கதி ஊசலாடியிருக்கும். ஒரே மனு, ஒரே நகரம், இரண்டு விடைகள். எந்த அளவுகோலைக் கொண்டு முதல் விடை அளக்கப்பட்டது? எந்த அளவுகோலைக் கொண்டு அப்பீலில் அது மாற்றப்பட்டது? இவ்விரண்டு கேள்விகளும் வக்கீல்களுக்கு மட்டும் உரியவை என்று பொது ஜனங்கள் இருந்துவிடலாகாது.

சர்க்கார் செய்யும் பேரம்

பேடண்ட் என்பது பிறப்புரிமை அன்று. சர்க்கார் பொது ஜனங்களின் சார்பாகக் கண்டுபிடிப்பாளனோடு செய்துகொள்ளும் பேரம் அது. ‘நீ கண்டதை ஒளிக்காமல் எழுதிக் கொடு, குறிப்பிட்ட காலம் வரை அதன் லாபத்தை நீயே அனுபவி, காலம் கழிந்தபின் அது ஊர்ச் சொத்து’ என்பதே அதன் சாரம். இப்பேரத்தில் ஜனங்கள் கொடுப்பது பெரிது. தொழில் செய்யும் சுதந்திரத்தை அவர்கள் சில காலம் அடகு வைக்கிறார்கள். அதற்கு ஈடாக அவர்கள் பெறுவது, தங்களிடம் முன்பு இல்லாத ஓர் அறிவாக இருத்தல் வேண்டும். எந்தப் பட்டறையிலும் எந்தத் தேர்ந்த தொழிலாளியும் நாளைக்கே செய்துவிடக்கூடிய ஒன்றை ஒருவன் எழுதிக் கொடுத்துவிட்டு, அதற்காக 20 வருஷ ஏகபோகம் பெறுவானாயின், ஜனங்கள் தங்கள் சொத்தைத் தாங்களே விலை கொடுத்து வாங்கியவர்கள் ஆவார்கள். பழைய கள்ளைப் புது மொந்தையில் ஊற்றி விற்பதற்குச் சட்டம் துணைபோகலாகாது என்பதற்காகவே இந்த நிபந்தனை ஏற்பட்டது.

இது புதிய கொள்கையும் அன்று. அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு 1851-லேயே இதைக் கதவுக் குமிழ் வழக்கு ஒன்றில் எடுத்துரைத்தது. மரத்தாலும் உலோகத்தாலும் செய்யப்பட்டு வந்த குமிழைக் களிமண்ணாலும் பீங்கானாலும் செய்ததற்காக ஒருவர் பேடண்ட் பெற்றிருந்தார். புதுக் குமிழ் மலிவாகவும் நன்றாகவும் இருந்திருக்கலாம். ஆனால் ஒரு பொருளுக்குப் பதில் மற்றொரு பொருளைத் தேர்ந்தெடுப்பது கெட்டிக்காரத் தொழிலாளியின் திறமையேயன்றிக் கண்டுபிடிப்பாளனின் வேலை ஆகாது என்று அக்கோர்ட்டு முடிவு செய்தது. நமது 1970-ம் வருஷத்துப் பேடண்ட் சட்டத்திலும், பின்னால் சேர்க்கப்பட்ட திருத்தங்களின்படி, தொழில்நுணுக்கத்தில் முன்னேற்றமோ பொருளாதார முக்கியத்துவமோ இரண்டுமோ இருப்பதோடு, தொழிலில் தேர்ந்தவனுக்கு வெளிப்படையாக இல்லாமலும் இருந்தால்தான் அது கண்டுபிடிப்பாளனின் படி என்று கொள்ளப்படும். அச்சட்டத்திற்கு அஸ்திவாரம் 1959-ல் ஸ்ரீ என். ராஜகோபால ஐயங்கார் சமர்ப்பித்த அறிக்கை. சென்னை வக்கீல்களின் வரிசையிலிருந்து சென்னை ஹைக்கோர்ட்டு நீதிபதியாகிப் பின்னர் சுப்ரீம் கோர்ட்டுக்கும் சென்றவர் அவர் என்பதை நேயர்கள் அறிந்திருப்பார்கள்.

மிர்ஜாப்பூர்ப் பாத்திர வழக்கு

நம் தேசத்தில் இவ்விஷயத்தைத் தெளிவுபடுத்திய வழக்கு பெரிய ரசாயனத்தைப் பற்றியதோ மின்சார யந்திரத்தைப் பற்றியதோ அன்று. மிர்ஜாப்பூரில் செய்யப்படும் தட்டுகளையும் பாத்திரங்களையும் பற்றியது. அங்கே பாத்திரங்களைக் கடைசல் யந்திரத்தில் பொருத்திச் சுழற்றிச் சுரண்டி மெருகேற்றுவார்கள். பழைய முறையில் பாத்திரத்தைச் சூட்டில் இளகும் பசையினாலாவது யந்திரத்தின் பிடிதாடைகளினாலாவது ஒரு பக்கத்தில் மட்டும் பிடித்து வைப்பது வழக்கம். வேகமாகச் சுழலும்போது பாத்திரம் பிய்த்துக்கொண்டு பறந்து வேலையாட்களுக்கு ஆபத்து விளைவிக்கும். எதிர்ப் பக்கத்திலிருந்தும் ஒரு முனையைக் கொண்டு அழுத்திப் பிடித்தால் பாத்திரம் பறக்காது என்பதுதான் அங்கே பேடண்ட் பெற்ற ஏற்பாடு. 1951-ல் அந்தப் பேடண்டைப் பெற்ற ஹிந்துஸ்தான் மெட்டல் இண்டஸ்ட்ரீஸ் என்னும் ஸ்தாபனம், அவ்வாறே வேலை செய்த விசுவநாத பிரசாத் ராதேசியாம் என்னும் மற்றொரு ஸ்தாபனத்தின் மீது வழக்குத் தொடர்ந்தது. பேடண்டே செல்லாது என்று பிரதிவாதிகள் எதிர்வழக்காடினார்கள்.

அலகாபாத் ஹைக்கோர்ட்டில் வழக்கை விசாரித்த தனி நீதிபதி, இதில் புதுக்கருத்து ஏதுமில்லை என்று பேடண்டை ரத்து செய்தார். அப்பீலில் இரு நீதிபதிகள் அத்தீர்ப்பை மாற்றிப் பேடண்டுக்கு உயிர் கொடுத்தார்கள். சுப்ரீம் கோர்ட்டு 1978 டிசம்பரில் அப்பீல் தீர்ப்பைத் தள்ளி, முதல் நீதிபதியின் முடிவை நிலைநிறுத்தியது. தீர்ப்பெழுதிய நீதிபதி சர்க்காரியா கூறியவற்றுள் மூன்று விஷயங்கள் என்றும் மனத்தில் வைக்கத் தக்கவை.

முதலாவது: பல காலமாக வழங்கிவரும் ஓர் ஏற்பாட்டை, அதே பழைய காரியத்திற்கு, பிரயோகத்தில் சிறு மாறுதலுடன் பயன்படுத்துவது பட்டறைச் சீர்திருத்தமே ஆகும்; அது கண்டுபிடிப்பு ஆகாது. தெரிந்த உறுப்புகள் பலவற்றைச் சேர்த்து வைத்த மாத்திரத்தில் பேடண்டுக்குத் தகுதி வந்துவிடாது. இரண்டாவது: பேடண்ட் கையில் இருக்கிறது என்பதனாலேயே அது செல்லுபடியாகும் என்று கொள்வதற்கில்லை; சர்க்கார் ஆபீஸ் பரிசீலித்துக் கொடுத்ததாயினும் அதைக் கோர்ட்டில் எதிர்க்கலாம். மூன்றாவது, நாம் எடுத்துக்கொண்ட விஷயத்திற்கு மிக முக்கியமானது: புதுமை உண்டா, கண்டுபிடிப்பாளனின் படி உண்டா என்பது சட்டமும் சங்கதியும் கலந்த பிரச்னை, எல்லாச் சந்தர்ப்பங்களுக்கும் பொருந்தும் ஒரே சோதனை கிடையாது.

‘சட்டமும் சங்கதியும் கலந்தது’ என்ற இந்தச் சிறு வாக்கியத்திலேதான் அப்பீலின் ரகசியம் முழுவதும் இருக்கிறது. சங்கதியை நிர்ணயிப்பதில் சாக்ஷியைக் கண்ணால் கண்ட கோர்ட்டுக்கு முதலிடம். சட்டத்தை நிர்ணயிப்பதில் மேல் கோர்ட்டுக்கு முதலிடம். இரண்டும் பாலும் நீரும்போல் கலந்து கிடக்கும்போது, அப்பீல் கோர்ட்டு எதைத் தொடலாம், எதைத் தொடலாகாது?

விடை தெரிந்த விடுகதை

இதற்கு விடை காணுமுன் இவ்வகை வழக்குகளுக்கே உரிய ஒரு மயக்கத்தைச் சொல்ல வேண்டும். விடுகதைக்கு விடை தெரியாதவரையில் அது மலைபோல் நிற்கும். விடையைச் சொல்லிவிட்டால், ‘இவ்வளவுதானா? இது எனக்குத் தெரியாதா?’ என்று சிறுவனும் கேட்பான். பேடண்ட் வழக்கில் நீதிபதி புகும்போது விடை ஏற்கெனவே வெளியாகிவிட்டது. கண்டுபிடித்தவன் எழுதிக் கொடுத்த வர்ணனை அவர் கையிலேயே இருக்கிறது. அதைப் படித்துவிட்டு, அதற்கு முந்திய புத்தகங்களையும் பத்திரங்களையும் புரட்டினால், இங்கே ஒரு துண்டும் அங்கே ஒரு துண்டுமாக எல்லாம் முன்னரே கிடந்ததுபோல் தோன்றும். வழிகாட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காட்டைக் கடந்தவன், ‘இங்கே வழி தவற எவனுக்கும் நியாயமில்லை’ என்று சொல்வதற்கு ஒப்பாகும் இது.

ஆகவே கேள்வியைச் சரியாகக் கேட்பது அவசியம். மனுத் தேதியில் நிற்க வேண்டும். அன்று அத்தொழிலில் தேர்ந்தவனிடம் இருந்த அறிவு எவ்வளவோ அவ்வளவையே அவன் கையில் கொடுக்க வேண்டும். தீர்க்க வேண்டிய சங்கடத்தை அவனுக்குச் சொல்ல வேண்டும்; கண்டுபிடிப்பை மட்டும் அவனுக்குக் காட்டலாகாது. அவன் தானாக அந்த இடத்திற்கு வந்து சேர்வானா? மிர்ஜாப்பூர் வழக்கில் சுப்ரீம் கோர்ட்டு வகுத்த சோதனை ஏறக்குறைய இதுவே. அமெரிக்கச் சுப்ரீம் கோர்ட்டு 1966-ல், ஜான் டீர் கம்பெனி சம்பந்தப்பட்ட கலப்பை வழக்கில், இதே காரியத்தைப் படிப்படியாகப் பிரித்துக் காட்டியது. முந்திய அறிவு எதுவரை இருந்தது? அதற்கும் இந்தப் பேடண்டுக்கும் உள்ள வித்தியாசங்கள் எவை? அத்தொழிலில் சாதாரணத் தேர்ச்சி எவ்வளவு? இவற்றோடு, அப்பொருளுக்கு நீண்டநாள் தேவை இருந்ததா, மற்றவர்கள் முயன்று தோற்றார்களா, வியாபாரத்தில் அது வெற்றி பெற்றதா என்பவற்றையும் பார்க்கலாம். இவை யாவும் சங்கதிகள். இவற்றையெல்லாம் வைத்துக்கொண்டு ‘வெளிப்படைதான்’ அல்லது ‘அன்று’ என்று சொல்லும் கடைசி முடிவு சட்டம். இவ்வாறு கோர்ட்டு பாகம் பிரித்தது.

சூத்திரத்துக்கு அடிமையாதல்

பின்னறிவின் மயக்கத்துக்கு அஞ்சிய அமெரிக்க அப்பீல் கோர்ட்டு ஒன்று அதற்கு மருந்து தேடப் போய் மற்றொரு நோயைத் தேடிக்கொண்டது. பேடண்ட் அப்பீல்களுக்கென்று 1982-ல் அங்கே ஏற்பட்ட பெடரல் சர்க்யூட் கோர்ட்டு, ஒரு சூத்திரத்தைக் கையாண்டு வந்தது. இரண்டு பழைய பொருள்களைச் சேர்த்தது வெளிப்படை என்று சொல்ல வேண்டுமானால், அவற்றைச் சேர்க்கும்படி முந்திய பத்திரங்களிலோ, துறை அறிவிலோ, சங்கடத்தின் இயல்பிலோ ஒரு போதனையாவது, குறிப்பாவது, தூண்டுதலாவது இருந்ததென்று காட்டியாக வேண்டும் என்பதே அச்சூத்திரம். கருத்து நல்லதுதான். ஆனால் நாளடைவில் எழுத்திலே சான்று காட்டினாலன்றி ஒப்புக்கொள்வதில்லை என்ற பிடிவாதமாக அது இறுகிற்று. எல்லோருக்கும் தெரிந்த காரியத்தை எவரும் எழுதிவைப்பதில்லை. உப்பிட்டால் கறி சுவைக்கும் என்று எந்தப் புத்தகத்தைக் காட்டுவது?

மோட்டார் வண்டியின் மிதிகட்டை வழக்கில் இது அம்பலமாயிற்று. ஓட்டுபவனின் உயரத்திற்கேற்ப நகர்த்தக்கூடிய மிதிகட்டை முன்பே இருந்தது. மிதியின் அளவை மின்சாரத்தால் அறிவிக்கும் கருவியும் முன்பே இருந்தது. நகர்த்தினாலும் இடம் மாறாத அச்சில் அக்கருவியைப் பொருத்தியதற்கு எடுத்த பேடண்டை வைத்துக்கொண்டு, டெலிபிளக்ஸ் கம்பெனி கே.எஸ்.ஆர். கம்பெனியின் மீது வழக்கிட்டது. மிச்சிகன் மாகாணத்து விசாரணைக் கோர்ட்டு, இது வெளிப்படை என்று விசாரணையை நீட்டாமலே பேடண்டைத் தள்ளியது. 2005-ல் பெடரல் சர்க்யூட், சூத்திரத்தைச் சரியாகப் பிரயோகிக்கவில்லை என்று அதை மாற்றியது. 2007 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட்டின் நீதிபதிகள் அனைவரும் ஒருமுகமாக அப்பீல் கோர்ட்டின் முடிவைத் தள்ளினார்கள். தொழிலில் தேர்ந்தவன் சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை அல்ல, அவனுக்கும் சாமானிய யுக்தி உண்டு, துண்டுகளைச் சேர்த்துப் பார்க்க அவனுக்கும் தெரியும் என்பது நீதிபதி கென்னடியின் தீர்ப்பினது கருத்து. சூத்திரம் உதவிக்கு இருக்கலாம், எஜமானாக இருக்கலாகாது.

இவ்விரண்டு குற்றங்களும் எதிரெதிர்த் திசையில் நிற்பவை. பின்னறிவுக்கு இடங்கொடுத்தால் நேர்மையான கண்டுபிடிப்பாளன் நஷ்டமடைவான். சூத்திரத்திற்கு இடங்கொடுத்தால் பொது ஜனங்கள் நஷ்டமடைவார்கள். இரண்டுக்கும் இடங்கொடாமல் நடுவே செல்ல வேண்டியிருப்பதாலேயே அப்பீல் கோர்ட்டின் பொறுப்பு பெரிதாகிறது.

அப்பீல் கோர்ட்டின் எல்லை

அமெரிக்காவில் இப்பொழுது நிலைத்துள்ள முறை இது. ‘வெளிப்படையா?’ என்ற இறுதி முடிவைச் சட்டப் பிரச்னையாகக் கருதி அப்பீல் கோர்ட்டு தானே புதிதாகப் பரிசீலிக்கும். ஆனால் அதற்கு அடியில் உள்ள சங்கதிகளில் கீழ் ஸ்தலம் கண்ட முடிவுகளை இலேசில் கலைக்காது. தனி நீதிபதி கண்ட சங்கதியானால், அதில் தெளிவான பிழை இருந்தாலன்றித் தலையிடுவதில்லை. பேடண்ட் ஆபீஸ் கண்ட சங்கதியானால், பகுத்தறிவுள்ளவன் போதுமென்று ஏற்கத்தக்க சாக்ஷியம் ரிக்கார்டில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்க வேண்டும். இந்தக் கடைசி விதிக்கு 1999-ல் ஜூர்கோ என்பவரின் வழக்கில் அங்குள்ள சுப்ரீம் கோர்ட்டு வழி வகுத்தது.

அவ்வழக்கின் பிற்பகுதி முற்பகுதியைக் காட்டிலும் ரசமானது. கம்ப்யூட்டர் பந்தோபஸ்து சம்பந்தமான அந்த மனுவை, வெளிப்படை என்று பேடண்ட் ஆபீஸ் தள்ளியிருந்தது. பெடரல் சர்க்யூட் அதை மாற்றியது. ஆபீஸின் முடிவுக்கு இன்னும் அதிக மதிப்புக் கொடுத்துப் பரிசீலிக்க வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு வழக்கைத் திருப்பி அனுப்பியது. திரும்பி வந்த வழக்கைப் புதிய அளவுகோலால் அளந்தபோதும், 2001-ல், பெடரல் சர்க்யூட் மறுபடியும் ஆபீஸின் முடிவைத் தள்ளியது. ஏனெனில், முக்கியமான இடத்தில் ஆபீஸ், ‘இது துறையினருக்கு அடிப்படை அறிவு’ என்று சொன்னதேயன்றி, அதற்குச் சாக்ஷியம் எதையும் ரிக்கார்டில் வைக்கவில்லை. மேல் கோர்ட்டின் மரியாதை, காரணமும் ஆதாரமும் உள்ள முடிவுக்கே உரியது. வெறும் அபிப்பிராயத்துக்கு உரியதன்று என்பதே இதன் பாடம்.

இங்கிலாந்தின் வழி சற்று வேறு. அங்கே 1996-ல் பயோஜென் கம்பெனியின் வழக்கில், ஹாஃப்மன் பிரபு, வெளிப்படையா என்பது பல விஷயங்களைச் சீர்தூக்கிக் காணும் மதிப்பீடு. சாக்ஷிகளைக் கேட்ட நீதிபதியின் உள்ளத்தில் பதிந்த நுட்பங்கள் யாவும் எழுத்தில் வந்துவிடுவதில்லை. ஆதலால் அவர் தத்துவத்தில் தவறினாலன்றி அப்பீல் கோர்ட்டு அம்மதிப்பீட்டில் கை வைக்கத் தயங்க வேண்டும் என்று எச்சரித்தார். இதை அப்பீல் கோர்ட்டின் வாயை அடைத்துவிட்டதாகக் கருதலாகாது. டடாலஃபில் என்னும் மருந்தைத் தினம் 5 மில்லிகிராம் போன்ற சிறிய அளவில் கொடுப்பதற்கு எடுத்த பேடண்டைப் பற்றிய வழக்கில், விசாரணை நீதிபதி பேடண்டைக் காப்பாற்றினார். சரியான அளவைக் கண்டறிய வழக்கமாக நடத்தும் பரிசோதனைகளே தேர்ந்தவர்களை அந்த அளவுக்குக் கொண்டு சேர்க்கும் என்று அவரே சங்கதியாகக் கண்டிருந்தும், பலன் எதிர்பாராதது என்பதற்கு அதிக எடை கொடுத்துவிட்டார். அப்பீல் கோர்ட்டு, அவர் கண்ட சங்கதிகளைக் கலைக்காமல், அவற்றிலிருந்து முடிவுக்குச் சென்ற வழியில் தத்துவப் பிழை இருக்கிறதென்று தீர்ப்பை மாற்றியது. 2019 மார்ச்சில் இங்கிலாந்துச் சுப்ரீம் கோர்ட்டு அதை உறுதி செய்தது. சங்கதிக்கு மரியாதை, தவறான தத்துவத்திற்குத் திருத்தம் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைப்பது அரிது.

நமது நிலைமை

நம் தேசத்திலே இக்கேள்வி இன்று உயிருள்ள கேள்வி. 1970-ம் வருஷத்துச் சட்டம் முதலில் கண்ட்ரோலரின் உத்தரவின் மீது ஹைக்கோர்ட்டுக்கு அப்பீல் வைத்திருந்தது. 2007 முதல் அந்த அப்பீல்கள் சென்னையைத் தலைமை ஸ்தானமாகக் கொண்ட அப்பீல் போர்டுக்குச் சென்றன. போர்டில் உத்தியோகஸ்தர்கள் நியமிக்கப்படாமல் வழக்குகள் தேங்கிக் கிடந்த காலங்களும் உண்டு. 2021 ஏப்ரலில் போர்டு கலைக்கப்பட்டது. இப்பொழுது அப்பீல்கள் மீண்டும் ஹைக்கோர்ட்டுகளுக்கே வந்துவிட்டன. சென்னைப் பேடண்ட் ஆபீஸின் உத்தரவுகள் சென்னை ஹைக்கோர்ட்டில் பரிசீலிக்கப்படுகின்றன. இந்த மாறுதலோடு அளவுகோலையும் செம்மைப்படுத்திக்கொள்ள இது தக்க சமயம்.

கண்ட்ரோலரின் உத்தரவு மேலே வரும்போது ஹைக்கோர்ட்டு பார்க்க வேண்டியவை எவை? டில்லி ஹைக்கோர்ட்டு 2022 மார்ச்சில், அக்ரிபோர்டு என்னும் கம்பெனியின் அப்பீலில், ஒரு நல்ல வழி காட்டியிருக்கிறது. கண்டுபிடிப்பாளனின் படி இல்லையென்று தள்ளும் கண்ட்ரோலர், முந்திய பத்திரங்களில் வெளியானது என்ன, மனுவில் சொல்லப்படுவது என்ன, முன்னதிலிருந்து பின்னது தேர்ந்தவனுக்கு எவ்வாறு வெளிப்படையாகிறது என்ற மூன்றையும் தம் உத்தரவில் எடுத்துப் பேச வேண்டும். பத்திரங்களின் பெயர்களை வரிசையாக எழுதி, ‘ஆகவே வெளிப்படை’ என்று கையெழுத்திடுவது போதாது.

இதோடு நாம் சேர்த்துச் சொல்ல விரும்புவது ஒன்று. தள்ளும்போது வேண்டிய காரணம், கொடுக்கும்போதும் வேண்டும். எதிர்ப்பாளர் ஒருவர் ஆதாரங்களைக் காட்டி வாதித்த பின்னும், ‘ஆட்சேபங்கள் ஏற்கத்தக்கவை அல்ல’ என்று ஒரு வரியில் பேடண்ட் வழங்கும் உத்தரவு, ஒரு வரியில் மறுக்கும் உத்தரவைப்போலவே குற்றமுள்ளது. முதலாவதில் ஜனங்கள் நஷ்டமடைகிறார்கள். இரண்டாவதில் கண்டுபிடிப்பாளன் நஷ்டமடைகிறான்.

காரணம் நன்கு காட்டப்பட்ட உத்தரவாயின், அதில் கண்ட சங்கதிகளை ஹைக்கோர்ட்டு மதிக்க வேண்டும். விஞ்ஞானமோ பொறியியலோ கற்றவர்கள் ஆராய்ந்து கண்டதை, அப்பாஷையே பழகாத நாம் நம் கண்ணுக்கு வேறு விதமாகத் தோன்றுகிறதென்று மாற்றலாகாது. ஆனால் தவறான தேதியில் நின்று பார்த்தார்களா, பேடண்டையே வழிகாட்டியாக வைத்துக்கொண்டு பழைய பத்திரங்களைப் படித்தார்களா, தேர்ந்தவனை அறிவிலியாக்கினார்களா அல்லது மேதாவியாக்கினார்களா என்பவை சட்டப் பிழைகள். இவற்றைத் திருத்துவதில் ஹைக்கோர்ட்டு தயங்கலாகாது. காரணமே காட்டாத உத்தரவாயின், காலக்கெடுவுடன் திருப்பி அனுப்ப வேண்டும். பேடண்டின் 20 வருஷமும் மனுச் செய்த நாளிலிருந்தே ஓடுகிறபடியால், கோர்ட்டுகளுக்கும் ஆபீஸுக்கும் இடையே கட்டு ஏறி இறங்கும் ஒவ்வொரு வருஷமும் நேர்மையான கண்டுபிடிப்பாளனின் ஆயுளில் குறைகிறது. தகாத பேடண்ட் நிலைத்திருக்கும் ஒவ்வொரு வருஷமும் ஜனங்களின் பணப்பையில் குறைகிறது.

‘இவ்வளவு கண்டிப்பு வேண்டுமா? உத்தியோகஸ்தர்கள் மீது வேலை மலைபோல் குவிந்திருக்கிறதே’ என்று கேட்போர் உளர். வேலை குவிந்திருப்பது மெய்யே. அதற்குப் பரிகாரம் உத்தியோகஸ்தர்களை அதிகப்படுத்துவது. காரணங்களைக் குறைப்பது அன்று. மூன்று கேள்விகளுக்கு ஒழுங்காக விடை எழுதும் உத்தரவு அப்பீலுக்கே போகாமல் நின்றுவிடவும் கூடும். தோற்றவனுக்கும் தான் ஏன் தோற்றான் என்பது விளங்கிவிட்டால் பாதி வழக்கு அங்கேயே அடங்கிவிடும் என்பது வக்கீல் தொழிலில் பழகியவர்களுக்குத் தெரியும்.

பொது ஜனங்களின் கடமை

இது கோர்ட்டுகளோடு முடிந்துவிடும் காரியமும் அன்று. பேடண்ட் வழங்கப்படுமுன் எவர் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனுக் கொடுக்கலாம் என்று நம் சட்டத்தின் 25-வது பிரிவு இடமளிக்கிறது. வழங்கப்பட்ட பின்னரும் ஒரு வருஷத்திற்குள் சம்பந்தமுள்ளவர்கள் எதிர்க்கலாம். இமாடினிப் விவகாரத்தில், நோயாளிகளுக்கு உதவிபுரிந்து வந்த ஒரு சங்கமும் எதிர்ப்பாளர்களுள் ஒருவராக நின்றது. தொழிற்சங்கங்களும், மருத்துவர்களும், கலாசாலைகளில் விஞ்ஞானம் பயிலும் வாலிபர்களும் இவ்வுரிமையை அறிந்திருத்தல் வேண்டும். எது முன்னரே தெரிந்தது, எந்தப் பட்டறையில் எந்த வருஷம் முதல் வழக்கத்தில் இருக்கிறது என்ற சங்கதிகளை ரிக்கார்டில் ஏற்றுகிறவர்கள் அவர்களே. கீழே ரிக்கார்டில் ஏறாத சங்கதியை அப்பீலில் எவ்வளவு பெரிய வக்கீலாலும் உண்டாக்கிக்கொள்வது கடினம். மிர்ஜாப்பூர்ப் பிரதிவாதிகள் தங்கள் தொழிலின் பழைய வழக்கத்தைச் சாக்ஷியமாகக் கொண்டுவந்து வைத்தபடியால்தான், பல வருஷங்கள் கழித்துச் சுப்ரீம் கோர்ட்டு அதை எடுத்துப் பார்க்க முடிந்தது.

அறிவை மதிக்காத தேசம் முன்னேறாது. மெய்யான கண்டுபிடிப்பாளனுக்கு அவன் பங்கை மறுப்பது அறிவை அவமதிப்பதாகும். எல்லோருக்கும் பொதுவான அறிவை ஒருவன் வேலியிட்டுக்கொள்ள விடுவதும் அதே அவமதிப்பே. இவ்விரண்டையும் பிரித்தறியும் கோடு ‘வெளிப்படை’ என்ற ஒரு சொல்லில் இருக்கிறது. அந்தக் கோட்டைக் கீழ் ஸ்தலம் காரணத்தோடு கிழிக்கட்டும். மேல் ஸ்தலம் அக்காரணத்தை நிறுத்துப் பார்க்கட்டும். காரணமில்லாத இடத்தில், கிழித்தவர் யாராயினும், அது அழிக்கப்படட்டும். இவ்வளவு நியாயத்தைக் கேட்க நோயாளிக்கும் தொழிலாளிக்கும் கண்டுபிடிப்பாளனுக்கும் ஒருங்கே உரிமை உண்டு.